சுழலும் சக்கரம் நேர்மையானதா?

திருவிழாத் திடலிலும் பொருட்காட்சியிலும் எண்கள் எழுதிய பெரிய சக்கரம் ஒன்றைச் சுற்றிக் கூட்டம் கூடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டணம் கொடுத்தவர் சக்கரத்தைச் சுழற்றுகிறார். ஓரத்தில் உள்ள ஆணிகள் ஒரு தோல் நாக்கில் உரசி, 'டக் டக்' என்று ஒலிக்கின்றன. ஒலி மெல்ல மெல்லத் தளர்ந்து, கடைசியில் சக்கரம் ஓர் எண்ணில் நிற்கிறது. சிலருக்குப் பரிசு, பலருக்கு ஏமாற்றம்.

ஏமாந்தவர் மனத்தில் ஒரு சந்தேகம் எழுவது இயற்கை. 'இந்தச் சக்கரம் நேர்மையானதுதானா? எல்லா எண்களுக்கும் சமமான வாய்ப்பு உண்டா?' பார்வையால் மட்டும் இதற்கு விடை கூற முடியாது. ஆனால் அளந்தும் எண்ணியும் விடை காண முடியும். அதற்குச் சிறந்த வழி, அத்தகைய சக்கரம் ஒன்றை நாமே செய்து பார்ப்பதுதான். உங்கள் பள்ளிக் கண்காட்சியில் வைப்பதற்கு ஏற்ற சக்கரம் ஒன்றை எப்படிச் செய்வது, அது நேர்மையானது என்பதை எப்படி உறுதி செய்வது என்று இக்கட்டுரையில் காண்போம்.

சக்கரம் செய்யும் முறை

12 மி.மீ. கனமுள்ள பிளைவுட் பலகையில், 60 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு ஒன்றைத் தச்சரிடம் கொடுத்து அறுத்துக் கொள்ளுங்கள். வட்டம் வரையப் பெரிய கவராயம் தேவையில்லை. ஓர் ஆணி, நீளாத நூல், பென்சில் ஆகியவை போதும். ஆணி இருந்த புள்ளியே வட்டத்தின் மையம். அதை அழியாமல் குறித்து வையுங்கள். பின்னர் வரும் வேலை முழுவதும் அந்தப் புள்ளியை நம்பியே இருக்கிறது.

அச்சுக்கு, பழைய சைக்கிளின் முன்சக்கர ஹப் மிகவும் பொருத்தமானது. சைக்கிள் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பால்ரஸ் குண்டுகளை மாற்றி, புதிய கிரீஸ் இடச் சொல்லுங்கள். கோனை அளவுக்கு மீறி இறுக்கினால் ஹப் தடைப்படும், தளர்த்தினால் ஆடும். ஆட்டம் நின்று, விரலால் தொட்டதும் சுழலும் நிலையே சரியான நிலை.

தட்டின் மையத்தில் அச்சு நுழையும் அளவுக்குத் துளையிடுங்கள். ஹப்பின் ஒரு பக்கத்து விளிம்பைத் தட்டின் பின்புறத்தில் பொருத்தி, ஆரக்கம்பி நுழையும் துளைகள் வழியே சிறு திருகுகளைச் செலுத்தி, முன்புறம் நட்டுப் போட்டு இறுக்குங்கள். அச்சின் பின்முனையை, 5 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையில் இட்ட துளையில் நுழைத்து, இருபுறமும் நட்டுகளால் முறுக்குங்கள். அந்தப் பட்டையை உறுதியான மரத்தூணில் திருகிவிட்டால், சக்கரம் செங்குத்தாக நின்று சுழலும். தூணின் அடிப்பகுதி அகலமாகவும் கனமாகவும் இருக்கட்டும். இல்லாவிட்டால் வேகமாகச் சுழற்றும்போது முழு அமைப்பும் சாய்ந்துவிடக் கூடும்.

இனி, தட்டைப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். வட்டத்தின் ஆரத்தையே அளவாகக் கொண்டு பரிதியில் வெட்டிக் கொண்டே போனால், ஆறு சம பாகங்கள் கிடைக்கும் என்பது நீங்கள் வடிவியலில் படித்ததுதான். ஒவ்வொரு பாகத்தையும் இருசமமாக்கினால் பன்னிரண்டு. ஒவ்வொரு கட்டமும் 30 பாகைக் கோணம் கொண்டிருக்கும்.

மையத்திலிருந்து 28 செ.மீ. தொலைவில், ஒவ்வொரு எல்லைக் கோட்டிலும் ஓர் ஆணி அடிக்க வேண்டும். பன்னிரண்டு ஆணிகளும் ஒரே நீளமும் ஒரே எடையும் உள்ளவையாக இருத்தல் வேண்டும். அடுத்தடுத்த இரண்டு ஆணிகளுக்கு இடையே வில்லின் நீளம் ஏறத்தாழ 14.7 செ.மீ. ஓர் ஆணி 5 மி.மீ. விலகி அடிக்கப்பட்டால், ஒரு கட்டம் 15.2 செ.மீ. ஆகவும், பக்கத்துக் கட்டம் 14.2 செ.மீ. ஆகவும் மாறிவிடும். இரண்டுக்கும் உள்ள வாய்ப்பு நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் வேறுபடும். 1 மி.மீ. பிழை என்றால் வேறுபாடு மிகச் சிறிது. எனவே ஆணி அடிக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை அளந்து பாருங்கள்.

தூணின் உச்சியில் ஒரு தோல் பட்டையை அல்லது வளையும் பிளாஸ்டிக் துண்டைப் பொருத்துங்கள். இதுவே நாக்கு. நாக்கின் வேலை ஒலி எழுப்புவது மட்டும் அன்று. வேகம் குறைந்த சக்கரம், கடைசி ஆணியால் நாக்கைத் தள்ளிக் கடக்க முடியாத நிலையில், வளைந்த நாக்கு அந்த ஆணியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அதனால் 'கோட்டின் மேல் நின்றுவிட்டது' என்ற வழக்குக்கு இடமில்லாமல், சக்கரம் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் நின்றுவிடுகிறது.

கனமான பக்கம் எது?

சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டது. ஆனால் வேலை முடியவில்லை. உண்மையில் இப்போதுதான் தொடங்குகிறது.

தட்டின் ஈர்ப்பு மையம் சரியாக அச்சின் மீது இருந்தால், சக்கரம் எந்த நிலையிலும் நிற்கும். சற்று விலகி இருந்தால், கனமான பக்கத்தைப் புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கும். அப்போது கனமான பக்கத்துக்கு நேர் எதிரே உள்ள எண் மேலே வந்து, நாக்கின் அடியில் அடிக்கடி நிற்கும்.

இப்பிழை எவ்வளவு எளிதில் நேர்கிறது என்று பாருங்கள். நம் தட்டின் எடை சுமார் 2 கிலோகிராம். மையத் துளை 1 மி.மீ. மட்டும் தள்ளி அமைந்ததாகக் கொள்வோம். திருப்புத்திறன் = 2000 கிராம் × 0.1 செ.மீ. = 200 கிராம்–செ.மீ. ஆணிகள் உள்ள 28 செ.மீ. தொலைவில் 7 கிராம் எடையை ஒட்டி வைத்ததற்கு இது சமம். துளை 5 மி.மீ. தள்ளிவிட்டால் 36 கிராம்! இது போதாதென்று பலகையில் உள்ள முடிச்சு, ஒரு பக்கம் தடித்த வண்ணப்பூச்சு ஆகியவையும் சேர்ந்து கொள்ளும்.

முதல் சோதனை எளியது. நாக்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, தானாக நிற்கவிடுங்கள். அடியில் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பத்து முறை செய்து பாருங்கள். அதே பகுதி திரும்பத் திரும்ப அடியில் நின்றால், அதுவே கனமான பக்கம். எதிர்ப்பக்கத்தின் பின்புறத்தில் களிமண் உருண்டையை ஒட்டி, கூட்டியும் குறைத்தும் சரிசெய்யுங்கள். பிறகு களிமண்ணின் எடைக்குச் சமமான வாஷர்களை அதே இடத்தில் திருகிவிடலாம்.

ஆனால் இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. சிறிய எடை வேறுபாட்டை ஹப்பின் உராய்வு மறைத்துவிடும். மறைந்திருப்பதையும் வெளிக்கொணர, ஆய்வகத்தின் எடைப்பெட்டியைப் பயன்படுத்துவோம்.

ஏதேனும் ஓர் ஆணியை அச்சுக்கு நேராக, வலப்புறம் கிடைமட்டத்தில் நிறுத்துங்கள். அந்த ஆணியில் நூல் கட்டி, சக்கரம் நகரத் தொடங்கும் வரை சிறு எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள். எவ்வளவு தேவைப்பட்டது என்று குறித்துக் கொள்ளுங்கள். இவ்வாறே பன்னிரண்டு ஆணிகளுக்கும் செய்யுங்கள். ஓர் ஆணிக்கு மிகக் குறைவாக 3 கிராமும், அதற்கு எதிரே உள்ள ஆணிக்கு மிக அதிகமாக 7 கிராமும் தேவைப்பட்டதாகக் கொள்வோம். கனமான பக்கம் நமக்கு உதவும்போது 3. நம்மை எதிர்க்கும்போது 7. அப்படியானால் உராய்வு மட்டும் இருவற்றின் சராசரி, அதாவது 5 கிராம். சமனின்மை, வேறுபாட்டில் பாதி, அதாவது 2 கிராம். 7 கிராம் தேவைப்பட்ட ஆணியின் அருகே 2 கிராம் எடையை ஒட்டிவிட்டால் சக்கரம் சமனாகிவிடும். உராய்வைவிடச் சிறியதான ஒரு பிழையை, எந்த விலை உயர்ந்த கருவியும் இல்லாமல் அளந்துவிட்டோம் அன்றோ?

இரண்டு கிராம் ஒரு பொருட்டா?

'2 கிலோ சக்கரத்தில் 2 கிராம் என்ன செய்துவிடும்?' என்று நீங்கள் கேட்கலாம். ஆற்றல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நாக்கை வளைக்கத் தேவைப்படும் விசை, பூச்சியத்திலிருந்து தொடங்கி 1 செ.மீ. வளைவில் 2 நியூட்டனாக உயர்வதாகக் கொள்க. சராசரி விசை 1 நியூட்டன், தொலைவு 0.01 மீட்டர். எனவே ஒரு 'டக்' ஒலிக்குச் செலவாகும் ஆற்றல் 0.01 ஜூல்.

28 செ.மீ. தொலைவில் உள்ள 2 கிராம் எடை, அடியிலிருந்து உச்சிக்குச் செல்லும்போது 56 செ.மீ. உயர்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றல் = 0.002 × 9.8 × 0.56 = 0.011 ஜூல். அதாவது, ஒரு ஆணியைக் கடப்பதற்கு வேண்டிய ஆற்றலுக்குச் சற்றே அதிகம். சக்கரம் தன் கடைசி ஆற்றலைக் கொண்டு அடுத்த ஆணியைக் கடக்குமா, கடக்காதா என்று தயங்கும் நேரத்தில், இந்தச் சிறிய எடை முடிவை மாற்றிவிடும். மாறாக, ஒருவர் பின்புறத்தில் 50 கிராம் ஈயத்தை மறைத்து வைத்தால், அது 27 ஆணிகளின் ஆற்றலுக்குச் சமம். அந்தச் சக்கரத்தில் விளையாடுவது வீண். நாக்கைக் கழற்றிவிட்டுச் சுழற்றச் சொன்னால் அந்தக் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும்.

எனவே நம் சக்கரத்தில் சமனின்மை 1 கிராமுக்குள் இருக்கட்டும்.

கை எப்படி எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை?

இங்கே ஓர் இயற்பியல் ஐயம் எழும். சக்கரம் நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. தொடக்க வேகம் தெரிந்தால், அது எங்கே நிற்கும் என்று கணக்கிட்டுவிடலாமே? பிறகு 'வாய்ப்பு' என்பது எங்கிருந்து வந்தது?

நம் சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், எடையில் பாதியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது: ½ × 2 × 0.3 × 0.3 = 0.09 கி.கி.–மீ². வினாடிக்கு ஒரு சுற்று வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1.78 ஜூல். ஒரு சுற்றில் பன்னிரண்டு ஆணிகளுக்குச் செலவாவது 0.12 ஜூல். 5 கிராம் அளவான ஹப் உராய்வுக்குச் செலவாவது சுமார் 0.086 ஜூல். மொத்தம் 0.206 ஜூல். ஆகவே சக்கரம் சுமார் எட்டரைச் சுற்றுச் சுழன்று நிற்கும்.

சுற்றுகளின் எண்ணிக்கை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 1 சதவீதம் கூடினால், சுற்றுகள் 2 சதவீதம் கூடும். எட்டரைச் சுற்றில் 2 சதவீதம் என்பது ஏறத்தாழ 60 பாகை, அதாவது இரண்டு முழுக் கட்டங்கள்! நூற்றில் ஒரு பங்கு துல்லியத்துடன் ஒரே வேகத்தைத் திரும்பத் திரும்பத் தருவது மனிதக் கையால் ஆகாத செயல். கையின் இந்த இயலாமைதான் 'வாய்ப்பு' என்று நாம் கூறுவது.

ஃபிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரே, 1902-இல் வெளியான 'அறிவியலும் கருதுகோளும்' என்ற தம் நூலில் இச்செய்தியைச் சூதாட்டச் சக்கரத்தைக் கொண்டே விளக்கினார். தொடக்க வேகத்தில் நம் கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு, சிவப்புக் கட்டத்தில் நிற்பதைக் கறுப்புக் கட்டத்தில் நிற்பதாக மாற்றிவிடுகிறது. கை எந்த வேகத்தை அதிகம் விரும்பினாலும், கட்டங்கள் சமமாக இருக்கும்வரை வாய்ப்பும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும் என்று அவர் காட்டினார்.

இதிலிருந்து விளையாட்டுக்கு ஒரு விதி கிடைக்கிறது. சக்கரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நின்றால், 1 சதவீத வேக மாற்றம் 7 பாகையை மட்டுமே மாற்றும். அது ஒரு கட்டத்தில் கால் பங்கு. பழகிய கை விரும்பிய எண்ணைக் கொண்டுவந்துவிடலாம். ஐந்து சுற்றுகள் என்றால் அதே மாற்றம் 36 பாகை. ஒரு கட்டத்தைத் தாண்டிவிடும். ஆகவே, 'ஐந்து சுற்றுக்குக் குறைந்தால் செல்லாது. மீண்டும் சுழற்ற வேண்டும்' என்று பலகையில் எழுதி வையுங்கள்.

எண்ணிப் பார்த்தல்

சமன் செய்தாயிற்று, விதியும் வகுத்தாயிற்று. இப்போது சக்கரத்தையே சாட்சி சொல்ல விடுவோம். 120 முறை சுழற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை முறை நின்றது என்று குறியுங்கள். இருவர் சேர்ந்தால் ஒரு மணி நேர வேலை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாகப் 10 வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நேர்மையான சக்கரத்திலும் எண்ணிக்கை ஏறி இறங்கும். 4 முதல் 16 வரை வருவது இயல்பே. மொத்தமாக மதிப்பிட, ஆங்கிலேயக் கணித அறிஞர் கார்ல் பியர்சன் 1900-இல் தந்த முறை உதவும். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1894-இல், அவர் மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியின் சக்கர முடிவுகளை ஆராய்ந்து கட்டுரை எழுதியவர்.

முறை இதுதான்: ஒவ்வொரு எண்ணிக்கையிலிருந்தும் 10-ஐக் கழித்து, வர்க்கம் கண்டு, எல்லாவற்றையும் கூட்டி, 10-ஆல் வகுக்க வேண்டும். பன்னிரண்டு கட்டமுள்ள நேர்மையான சக்கரத்தில் இம்மதிப்பு சராசரியாக 11 இருக்கும். 20-ஐத் தாண்டுவது, இருபது சோதனையில் ஒரு சோதனைக்கும் குறைவாகவே நிகழும்.

எடுத்துக்காட்டாக இரண்டு பட்டியல்களைப் பாருங்கள்.

முதல் சக்கரம்: 9, 12, 7, 10, 14, 11, 8, 10, 13, 6, 9, 11.
இரண்டாம் சக்கரம்: 4, 5, 8, 11, 16, 19, 17, 13, 9, 7, 6, 5.

முதலாவதன் மதிப்பு 6.2, குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதன் மதிப்பு 29.2. நேர்மையான சக்கரத்தில் இது ஏறக்குறைய ஐந்நூறு சோதனையில் ஒருமுறையே வரக்கூடியது. மேலும், பெரிய எண்கள் 5, 6, 7, 8 ஆகிய கட்டங்களில் அடுத்தடுத்துக் கூடி நிற்பதையும் கவனியுங்கள். 6-ஆம் கட்டத்துக்கு எதிரே, 12-ஆம் கட்டத்தின் பக்கத்தில் சக்கரம் கனமாக இருக்கிறது என்று எண்களே கூறுகின்றன.

1947-இல் சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், ஆல்பர்ட் ஹிப்ஸ், ராய் வால்ஃபோர்ட் என்போர், அமெரிக்காவின் ரீனோ நகரச் சூதாட்ட விடுதிகளுக்குச் சென்று இதையே செய்தனர். சக்கரங்களின் முடிவுகளைப் பொறுமையாக எழுதி வைத்து, சில எண்களுக்குச் சாய்வு காட்டும் சக்கரத்தைக் கண்டறிந்து, அந்த எண்களில் பணம் கட்டி ஆயிரக்கணக்கான டாலர் வென்றனர். அவர்களுடைய கருவி குறிப்பேடும் பென்சிலும் மட்டுமே. ஹிப்ஸ் பின்னாளில் இயற்பியல் அறிஞர் ஆனார். ரிச்சர்ட் ஃபைன்மேனுடன் சேர்ந்து 1965-இல் குவாண்டம் இயக்கவியல் பாடநூல் ஒன்றை எழுதினார்.

ஒன்றை மறக்க வேண்டாம். 120 சுழற்சிகள் பெரிய சாய்வை மட்டுமே காட்டும். சிறிய சாய்வைக் காண ஆயிரக்கணக்கில் சுழற்ற வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் எடைப்பெட்டி காட்டியதை, எண்ணிக் காண நாட்கணக்கில் ஆகும். எனவே முதலில் அளப்போம், பிறகு எண்ணுவோம்.

நேர்மையான சக்கரம் யாருக்கு லாபம்?

இனி, கண்காட்சியில் வைக்கும் பரிசுகளைப் பார்ப்போம். ஒரு சுழற்சிக்குக் கட்டணம் 10 ரூபாய். ஒரு கட்டத்துக்கு 40 ரூபாய்ப் பேனா. இரண்டு கட்டங்களுக்கு 20 ரூபாய் நோட்டுப் புத்தகம். மூன்று கட்டங்களுக்கு 5 ரூபாய்க் கடலை மிட்டாய். மீதி ஆறும் வெறுங்கட்டங்கள்.

பன்னிரண்டு கட்டங்களிலும் ஒவ்வொரு முறை நின்றால் பரிசுகளின் விலை 40 + 40 + 15 = 95 ரூபாய். கட்டணமாக வருவது 120 ரூபாய். ஆக, ஒவ்வொரு 10 ரூபாய்க்கும் சராசரியாக 7 ரூபாய் 92 காசு திரும்பக் கிடைக்கிறது. 120 சுழற்சிகளில் நடத்துபவருக்கு மிஞ்சுவது சுமார் 250 ரூபாய். இங்கே ஏமாற்று எதுவும் இல்லை. சக்கரம் முற்றிலும் நேர்மையானது. இருந்தும் லாபம் நடத்துபவருக்கே. ஐரோப்பியச் சூதாட்டச் சக்கரத்தில் 37 எண்கள்; வென்றால் 35 மடங்கு பரிசும், கட்டிய பணமும் கிடைக்கும். 37 ரூபாய்க்கு 36 ரூபாய் திரும்புகிறது. குறைவது ஒரு ரூபாய்தான். அந்த ஒரு ரூபாயில்தான் பெரிய மாளிகைகள் எழுந்தன.

'பத்து முறை தோற்றுவிட்டேன். அடுத்த முறை நிச்சயம் விழும்' என்று எண்ணுவதும் பிழை. சக்கரத்துக்கு நினைவாற்றல் இல்லை. பதினோராவது முறையும் பேனாவுக்கு உள்ள வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்றே. இந்தக் கணக்கு அறியாமல் கூலிப் பணத்தைச் சீட்டில் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவு கூர்வார்கள்.

சக்கரம் சமனாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கும் குலைந்துவிடும். மேலே கண்ட இரண்டாம் சக்கரத்தில் பேனாவை 6-ஆம் கட்டத்தில் எழுதியிருந்தால் 19 பேனாக்கள் போயிருக்கும்; 1-ஆம் கட்டத்தில் எழுதியிருந்தால் நான்கே நான்கு. யாரும் ஏமாற்ற நினைக்காமலே, யாரோ ஒருவர் ஏமாந்திருப்பார். வாங்கியது சக மாணவரின் பத்து ரூபாய் என்பதால், நல்ல எண்ணம் மட்டும் போதாது, எடைப்பெட்டியும் வேண்டும்.

ஆகவே தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, பரிசுகளைப் பணமாக அல்லாமல் பொருளாகவே வைத்து, சக்கரத்தின் பக்கத்தில் மூன்று தாள்களை ஒட்டுங்கள். ஒன்றில் பன்னிரண்டு ஆணிகளுக்கும் தேவைப்பட்ட எடைகள். இரண்டாவதில் 120 சுழற்சிகளின் எண்ணிக்கை. மூன்றாவதில் '10 ரூபாய்க்குச் சராசரியாகத் திரும்புவது 7 ரூபாய் 92 காசு' என்ற கணக்கு. படித்துவிட்டுச் சிலர் விளையாடாமல் போகலாம். போகட்டும். உங்கள் கண்காட்சியிலிருந்து அவர்கள் எடுத்துச் செல்வது பேனாவைவிட மதிப்புள்ள பொருள்.

செய்து பாருங்கள்

1. நாக்கைச் சற்று விறைப்பாக்கினால் சக்கரம் எத்தனை சுற்றுச் சுழலும்? ஐந்து சுற்று விதி இன்னும் பொருந்துமா?

2. பன்னிரண்டு கட்டங்களுக்குப் பதில் இருபத்து நான்கு கட்டங்கள் அமைத்தால், கையால் எண்ணைத் தேர்ந்தெடுப்பது எளிதாகுமா, கடினமாகுமா?

3. ஓர் ஆணியில் வேண்டுமென்றே 20 கிராம் எடையைப் பொருத்தி, 120 முறை சுழற்றுங்கள். பியர்சன் முறையில் மதிப்பைக் கண்டு, எந்தக் கட்டங்களில் எண்ணிக்கை கூடுகிறது என்று பாருங்கள். எடை இருக்கும் இடத்தை நண்பரிடம் மறைத்து, எண்களைக் கொண்டே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.